மூன்று வாரத்தில் யார் பலமான அணி? ஹேஷ்டேக் பாஸ்கெட்பால் தளத்தை வைத்துப் போட்ட வரிசை

ஃபேண்டஸி கூடைப்பந்து என்றால், வட அமெரிக்காவின் என்.பி.ஏ. லீக்கில் ஆடும் நிஜ வீரர்களை நண்பர்கள் தங்களுக்குள் பிரித்து எடுத்து அணி கட்டி, அந்த வீரர்கள் நிஜ ஆட்டத்தில் எடுக்கிற எண்களை வைத்து மோதுவது. அப்படி ஒரு லீக்கில் முதல் மூன்று வாரம் முடிந்ததும் ஒரு வாக்குவாதம் கட்டாயம் வரும். வெற்றி தோல்விப் பட்டியலில் மேலே நிற்பவர் தன் அணிதான் லீக்கிலேயே பலமானது என்பார். கீழே நிற்பவர் தனக்கு வாய்த்த எதிராளிகள் அப்படி என்பார். இரண்டு பேர் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கும். எங்கள் லீக்கில் 12 அணிகள், கமிஷனர், அதாவது லீக்கை நடத்துபவர், நான். பெரும்பாலானோர் என்னைப் போல நியூ ஜெர்சியில் வேலை பார்க்கிறவர்கள். இரண்டு பேர் டொராண்டோவில், ஒரு தம்பி சென்னையில். மூன்றாம் வாரம் முடிந்த திங்கட்கிழமை 12 அணிகளையும் பலத்தின்படி வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் ஏன் அந்த இடம் என்று காரணத்தோடு எழுதி அனுப்புவது என் பொறுப்பு. அதற்கு நான் முதலில் திறப்பது ஹேஷ்டேக் பாஸ்கெட்பால் என்ற தளம். 2024-25 சீசனின் தொடக்கத்தில் அது எனக்கு எந்த அளவுக்கு உதவியது, எந்த இடத்தில் அதைத் தாண்டி யோசிக்க வேண்டியிருந்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆட்டமுறை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: எங்களுடையது ஹெட் டு ஹெட் (நேருக்கு நேர்), ஒன்பது கேட்டகிரி லீக். ஃபீல்டு கோல் சதவீதம் (ஆட்டத்தின் போக்கில் வீசியதில் விழுந்தது), ஃப்ரீ த்ரோ சதவீதம் (ஃபவுலுக்குத் தடையில்லாமல் வீசியதில் விழுந்தது), த்ரீ பாயிண்டர் (தூரத்திலிருந்து போடும் மூன்று புள்ளி), புள்ளி, ரீபவுண்ட் (விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது), அசிஸ்ட் (கூடையில் போடுபவருக்குப் பந்து கொடுப்பது), ஸ்டீல் (எதிரணியிடமிருந்து பந்தைப் பறிப்பது), பிளாக் (எதிராளி வீசியதைத் தடுப்பது), டர்ன்ஓவர் (பந்தை எதிரணியிடம் இழப்பது) ஆகியவை அந்த ஒன்பது. டர்ன்ஓவர் குறைவாக இருப்பவருக்கு அந்தக் கேட்டகிரி. வாரத்துக்கு ஒரு எதிராளி. 6-3 என்று ஜெயித்தால் பட்டியலில் ஆறு வெற்றி, மூன்று தோல்வி சேரும். ஒவ்வொருவரிடமும் 13 வீரர்கள். ஒரு நாளில் 10 பேரைத்தான் இறக்க முடியும்.

இந்த முறையில் மூன்று வாரத்துக்குப் பிறகு ஒருவருக்கு மொத்தம் 27 கேட்டகிரி முடிவுகள்தான் இருக்கும். அந்த 27-ஐ வைத்து யாரையும் எடைபோட முடியாது. ஒரு வாரம் நீங்கள் லீக்கிலேயே இரண்டாவது அதிக ரீபவுண்ட் எடுத்திருப்பீர்கள், ஆனால் முதலிடக்காரர் அந்த வாரம் உங்களுக்கே எதிராளியாக வந்திருப்பார். பட்டியல் அதைத் தோல்வி என்று மட்டும்தான் எழுதிக்கொள்ளும். அதனால் நான் ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு அணியையும் மற்ற 11 அணிகளோடும் மோதவிட்டுப் பார்க்கிறேன். வாரத்துக்கு 99 முடிவுகள், மூன்று வாரத்துக்கு 297. இந்தக் கணக்கை நான் கூகுள் ஷீட்டில் போட்டுக்கொள்கிறேன். 2024 நவம்பர் 10-ஆம் தேதி மூன்றாம் வாரம் முடிந்தபோது, பட்டியலில் 17-10 என்று முதலிடத்தில் நின்ற சென்னைத் தம்பியின் அணி இந்தக் கணக்கில் ஆறாவது இடத்துக்கு வந்தது. 11-16 என்று ஒன்பதாவதாக நின்ற டொராண்டோ அக்காவின் அணி இரண்டாவது இடத்துக்கு ஏறியது. அவர் அந்த மூன்று வாரமும், அந்தந்த வாரத்தில் யார் நன்றாக ஆடினாரோ அவரிடமே மாட்டியிருந்தார்.

நடந்தது என்ன என்பதற்கு இந்த ஷீட் போதும். இனி என்ன நடக்கும் என்பதற்குத்தான் ஹேஷ்டேக் பாஸ்கெட்பால்.

தளத்தைத் திறந்து ரேங்கிங் பக்கத்துக்குப் போனால் ஒரு பெரிய அட்டவணை வரும். இடது பக்கம் வீரர் பெயர், எத்தனை ஆட்டம், எத்தனை நிமிடம். அப்புறம் ஒன்பது கேட்டகிரிக்கும் ஒன்பது பத்தி. கடைசியில் எல்லாவற்றையும் கூட்டிய ஒரு எண். ஒவ்வொரு கட்டமும் நல்லதா கெட்டதா என்பதை நிறமே சொல்லிவிடும். அந்தக் கூட்டுத்தொகை இசட் ஸ்கோர் கணக்கில் வருவது. சராசரியிலிருந்து ஒரு வீரர் எவ்வளவு விலகியிருக்கிறார், அந்த விலகல் அந்தக் கேட்டகிரியில் எவ்வளவு அரிது என்று அது பார்க்கும். ஒரு ஸ்டீல் கூடுதலாக எடுப்பது ஒரு புள்ளி கூடுதலாக எடுப்பதைவிட எவ்வளவோ கடினம். கண்ணால் பார்த்து மதிப்பிடும்போது நாம் எல்லோரும் புள்ளிகளிடம் மயங்கிவிடுகிறோம். இந்த அட்டவணை மயங்காது.

அந்த ஆண்டு அதற்கு டைசன் டேனியல்ஸைவிட நல்ல உதாரணம் கிடையாது. 2024 கோடையில் டெஜாண்டே மரே நியூ ஆர்லியன்ஸுக்குப் போன வீரர் பரிமாற்றத்தில் அட்லாண்டாவுக்கு வந்தவர். எங்கள் டிராஃப்டில், அதாவது சீசனுக்கு முன் சுற்றுச் சுற்றாக வீரர்களைப் பிரித்து எடுக்கும்போது, மரேயை நான்காம் சுற்றில் எடுத்தார்கள். டேனியல்ஸைக் கடைசிச் சுற்றுகளில் ஒருவர் எடுத்தார். முதல் ஆட்டத்திலேயே மரேக்கு இடது கை உடைந்தது. டேனியல்ஸோ ஆட்டத்துக்கு ஆட்டம் ஸ்டீலாக அள்ளிக்கொண்டிருந்தார். ரேங்கிங் பக்கத்தில் ஸ்டீல் பத்தியில் அவர் கட்டம் மட்டும் தனி நிறத்தில் நிற்கும். "ஸ்டீல் எல்லாம் நிலைக்காது, அடுத்த மாதம் பாதியாகிவிடும்" என்று லீக்கில் பாதிப் பேர் சொன்னார்கள். நான் பார்த்தது நிமிடப் பத்தியை. நியூ ஆர்லியன்ஸில் ஆட்டத்துக்கு 22 நிமிடம் சுற்றி ஆடியவர், இங்கே 30-ஐத் தாண்டி ஆடிக்கொண்டிருந்தார். அந்த நிமிடங்கள் குறைவதற்கு எந்தக் காரணமும் இல்லை. சீசன் முடிவில் மொத்தம் 229 ஸ்டீல், ஆட்டத்துக்கு 3. ஆல்வின் ராபர்ட்சன் 1990-91-இல் செய்ததற்குப் பிறகு யாரும் மூன்றைத் தொட்டதில்லை. அந்த ஆண்டின் மிகவும் முன்னேறிய வீரர் விருதும் அவருக்குத்தான்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் பட்டி ஹீல்ட். கோல்டன் ஸ்டேட்டுக்கு வந்த புதிதில், பெஞ்சிலிருந்து இறங்கி முதல் இரண்டு ஆட்டத்திலும் 20 புள்ளிக்கு மேல். ரேங்கிங் பக்கத்தில் அவர் பெரிய நட்சத்திரங்களோடு ஒரே திரையில் நின்றார். சென்னைத் தம்பி அவரைப் பாய்ந்து எடுத்தார். எடுத்ததில் தவறே இல்லை, இலவசமாகக் கிடைக்கிற த்ரீ பாயிண்டரை யார் விடுவார்கள். ஆனால் அவரை நம்பி அணியை முதலிடத்தில் வைக்க என்னால் முடியவில்லை. நிமிடம் 20-ஐச் சுற்றித்தான் இருந்தது. வீசியதில் விழுந்தது மட்டும் வழக்கத்தைவிட மிக அதிகம். நிமிடமும் வீச்சு எண்ணிக்கையும் ஒரு பயிற்சியாளர் எடுக்கிற முடிவு. அது வாரத்துக்கு வாரம் பெரிதாக மாறாது. வீசியது விழுவது மாறிக்கொண்டே இருக்கும். ஹீல்ட் அந்த சீசனை ஆட்டத்துக்கு 11 புள்ளியில் முடித்தார்.

அக்டோபர் 22 அன்று பாஸ்டன் நியூயார்க்குக்கு எதிராக 29 த்ரீ பாயிண்டர் போட்டு என்.பி.ஏ. சாதனையைச் சமன் செய்ததைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். 61 முறை வீசினார்கள். சாதனையை உடைக்க வேண்டும் என்று கடைசியில் வீசிய 13-உம் விழவில்லை. அந்த ஒரு ராத்திரியை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் எந்த முடிவுக்கும் வரலாம். அந்த சீசன் முழுக்கவும் பாஸ்டன் எல்லோரையும்விட அதிகமாக த்ரீ வீசிக்கொண்டே இருந்தது, அதுதான் நிலைத்த விஷயம்.

இதே காரணத்துக்காகத்தான் சான் அன்டோனியோவின் விக்டர் வெம்பன்யாமாவை வைத்திருந்தவரை நான் மூன்றாவது இடத்தில் வைத்தேன். பட்டியலில் அவர் ஏழாவது. வெம்பன்யாமா முதல் ஆட்டத்தில் டல்லாஸில் 17 புள்ளிதான். தொடர்ந்த ஆட்டங்களிலும் தூரத்திலிருந்து வீசியது சரியாக விழவில்லை. டிராஃப்டில் முதல் இரண்டு மூன்று பேரில் ஒருவராக எடுத்தவருக்கு வயிறு எரிந்தது. நான் பார்த்தது வேறு: பிளாக் குறையவில்லை, த்ரீ வீசும் எண்ணிக்கை குறையவில்லை, நிமிடம் குறையவில்லை. என் வரிசையை அனுப்பிய இரண்டு நாளில், நவம்பர் 13 அன்று, வாஷிங்டனுக்கு எதிராக அவர் 50 புள்ளி எடுத்தார். அதில் எட்டு த்ரீ பாயிண்டர்.

இந்தத் தளத்தில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் சின்னது. சதவீதக் கட்டத்திலேயே எத்தனை வீசினார், எத்தனை விழுந்தது என்ற எண்ணும் பக்கத்தில் இருக்கும். இது ஏன் முக்கியம் என்றால், மில்வாக்கியின் ஜியானிஸும் டைசன் டேனியல்ஸும் அந்த ஆண்டு ஃப்ரீ த்ரோவில் கிட்டத்தட்ட ஒரே சதவீதம், இருவரும் 60-ஐ ஒட்டி. ஆனால் டேனியல்ஸ் ஆட்டத்துக்கு ஏறக்குறைய இரண்டு முறைதான் ஃப்ரீ த்ரோ வீசினார். ஜியானிஸ் பத்துக்கும் மேல். டேனியல்ஸால் உங்கள் வாரத்து ஃப்ரீ த்ரோ சதவீதம் அசையக்கூடச் செய்யாது. ஜியானிஸ் ஒருவரே அதை மூழ்கடித்துவிடுவார். சதவீதத்தை மட்டும் காட்டுகிற பக்கங்களில் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. இங்கே கூட்டுத்தொகையிலும் அந்த எண்ணிக்கை சேர்ந்தே வருகிறது. ஜியானிஸின் ஃப்ரீ த்ரோ கட்டம் எவ்வளவு மோசமான நிறத்தில் இருக்கிறது என்று பார்த்தாலே போதும்.

எங்கள் லீக்கில் ஜியானிஸ், டேனியல்ஸ் இருவரையும் வைத்திருந்தவர் எங்கள் அலுவலகத்திலேயே மூத்தவர். எல்லோரும் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவோம். அவர் ஃப்ரீ த்ரோவை டிராஃப்ட் அன்றே கைவிட்டுவிட்டார். பன்ட் என்று சொல்வார்களே, அது. ஒரு கேட்டகிரியைத் தெரிந்தே தோற்றுவிட்டு மீதி எட்டில் பலமாக நிற்பது. இப்படிப்பட்ட அணியைச் சாதாரண ரேங்கிங்கில் வைத்துப் பார்த்தால் அநியாயமாகக் கீழே தெரியும், ஏனென்றால் அவர் கவலையே படாத கேட்டகிரிக்காக ஒவ்வொரு வீரருக்கும் மதிப்பு குறைக்கப்பட்டிருக்கும். ஹேஷ்டேக் பாஸ்கெட்பாலில் ஃப்ரீ த்ரோவுக்கு எதிரே உள்ள டிக்கை எடுத்துவிட்டால் போதும், எட்டுக் கேட்டகிரிக்கு மட்டும் புதிதாக வரிசை வந்துவிடும். அப்படிப் பார்த்தபோது ஜியானிஸ் விருட்டென்று உச்சிக்கு ஏறினார். அண்ணா அணியின் மற்ற பெரிய ஆட்களும் பின்னாலேயே ஏறினார்கள். ஒன்பதில் பார்த்தால் ஐந்தாவது அணி, எட்டில் பார்த்தால் முதல் அணி. நான் அதை முதலிடத்தில் வைத்தேன். ஹெட் டு ஹெட்டில் வாரத்தை ஜெயிக்க ஐந்து போதும். எட்டில் ஐந்து எடுக்கிற பலம் அந்த அணியிடம் ஒவ்வொரு வாரமும் இருந்தது. இந்த ஒரு டிக்குக்காகவே தளத்தை நான் யாருக்கும் பரிந்துரைப்பேன்.

சரி, இந்தத் தளம் மட்டுமே போதாத இடம் எது? காயம்.

நவம்பர் 10, ஞாயிற்றுக்கிழமை இரவு. என் வரிசை கிட்டத்தட்டத் தயார். பாவ்லோ பான்கேரோ, செட் ஹோம்கிரன் இருவரையும் வைத்திருந்த நண்பரை நான்காவது இடத்தில் வைத்திருந்தேன். பான்கேரோ அக்டோபர் 28 அன்று இந்தியானாவுக்கு எதிராக 50 புள்ளி எடுத்துவிட்டு, இரண்டு நாள் கழித்து சிகாகோவில் வயிற்றுப் பக்கத் தசை கிழிந்து உட்கார்ந்துவிட்டார். அது ஏற்கெனவே கணக்கில் இருந்தது. ஹோம்கிரன் பிளாக்கிலும் ரீபவுண்டிலும் அணியைத் தூக்கிக்கொண்டிருந்தார். அன்று கோல்டன் ஸ்டேட்டுக்கு எதிரான ஆட்டத்தில் அவர் விழுந்தார், இடுப்பெலும்பு முறிவு. பிப்ரவரி வரை வரவில்லை. பான்கேரோ வந்தது ஜனவரி 10. ரேங்கிங் பக்கத்தில் இருவருமே நல்ல நிறத்தில், நல்ல இடத்தில் அப்படியே இருந்தார்கள். ஆட்டத்துக்குச் சராசரி என்ற பார்வையில் வைத்தால், ஆடாத வீரர் கீழே இறங்கமாட்டார். கடைசியாக ஆடியபோது எப்படி இருந்தாரோ அப்படியே உறைந்துவிடுவார். மொத்தம் என்ற பார்வைக்கு மாற்றினால் மெதுவாக இறங்குவார், ஆனால் சீசன் தொடக்கத்தில் எல்லோரும் பத்து ஆட்டத்தைச் சுற்றியே இருப்பதால் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. நண்பரின் அணியை நான் அன்று இரவே பத்தாவது இடத்துக்கு இறக்கினேன். அவரைக் கூப்பிட்டு, "மச்சான், மன்னிச்சுக்கோ, ஆனா வேற வழியில்லை" என்று சொன்னேன். அவர் அதற்குள் வேவரில், அதாவது யாரும் எடுக்காத வீரர்கள் பட்டியலில், சென்டர் (கூடைக்கு அருகில் ஆடும் உயரமான வீரர்) தேடிக்கொண்டிருந்தார்.

அந்தத் தேடலில் இன்னொரு விஷயம். ஹோம்கிரன் ஆடும் ஓக்லஹோமா அணியின் இன்னொரு சென்டரான ஐசாயா ஹார்ட்டென்ஸ்டைன் சீசனுக்கு முன்பே கை உடைந்து ஒரு ஆட்டம்கூட ஆடாமல் இருந்தார். நடப்பு சீசன் ரேங்கிங்கில் ஆடாதவருக்கு இடமே கிடையாது. அதனால் அட்டவணையை மட்டும் பார்க்கிறவர் கண்ணில் அவர் படவே மாட்டார். ஹோம்கிரன் போன பிறகு அந்த இடம் யாருக்கு வரும் என்று யோசிக்கிறவருக்குத்தான் படுவார். நவம்பர் 20 அன்று அவர் இறங்கி, அன்றிலிருந்தே ரீபவுண்டாக எடுத்தார். எங்கள் லீக்கில் அவரைக் காயப்பட்டோர் இடத்தில் பொறுமையாக வைத்திருந்தவர் டொராண்டோ அக்கா. அவர் அணியை நான் இரண்டாவதாக வைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். டொராண்டோக்காரர் என்பதால் ஸ்காட்டி பார்ன்ஸையும் பிடித்து வைத்திருந்தார். பார்ன்ஸுக்கு அக்டோபர் 28 அன்று கண்குழி எலும்பு முறிந்திருந்தது, அவரும் திரும்பி வர வேண்டியவர். அப்படி இரண்டு பேர் வெளியே இருக்கும்போதே மற்ற 11 அணிகளோடு மோதிய கணக்கில் இரண்டாமிடம் என்றால், அந்த அணி இன்னும் மேலே போகும் என்று எழுதினேன்.

ஃபிலடெல்ஃபியாவின் எம்பீடும் பால் ஜார்ஜும் இருந்த அணியைப் பற்றி நிறையப் பேர் கேட்டார்கள். இருவரும் திரும்பி வந்தால் அது முதல் மூன்றில் ஒன்றாகிவிடும் என்பது அவர்கள் வாதம். ஜார்ஜ் நவம்பர் 4 அன்று இறங்கிவிட்டார். எம்பீட் முதல் ஆட்டம் நவம்பர் 12 அன்று ஆடப்போவதாக இருந்தது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. அடுத்தடுத்த நாள் ஆட்டங்களில் இனி ஆடப்போவதில்லை என்று எம்பீடே சீசனுக்கு முன்பு பேசியிருந்தார். அவர் உடல்நிலை பற்றி முன்னுக்குப்பின் முரணாகப் பேசியதற்காக ஃபிலடெல்ஃபியாவுக்கு லீக் 1,00,000 டாலர் அபராதமும் போட்டிருந்தது. வாரத்தில் எத்தனை ஆட்டம் ஆடுவார் என்றே தெரியாத ஒருவரை நம்பி அணியை மேலே வைக்கக்கூடாது. எட்டாவது இடம் கொடுத்தேன். எம்பீட் அந்த சீசன் முழுக்க 19 ஆட்டம்தான் ஆடினார்.

தளத்தின் இன்னொரு பக்கம், அட்டவணைக் கட்டம், அதாவது ஷெட்யூல் கிரிட். எந்த வாரம் எந்த அணிக்கு எத்தனை ஆட்டம், எந்தெந்த நாள் என்பதை ஒரே பார்வையில் காட்டும். புதிதாக ஆடுகிறவர்கள் இதைக் கண்டுகொள்வதே இல்லை. எனக்கு ரேங்கிங் பக்கத்துக்குச் சமமாக இது வேண்டும். அந்த மூன்றாம் வாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நவம்பர் 5 அமெரிக்கத் தேர்தல் நாள் என்பதால் அன்று ஆட்டமே வைக்கவில்லை. அதற்கு முந்தைய நாள் திங்கட்கிழமை 30 அணிகளும் ஆடின. 13 வீரர்களுக்கும் ஆட்டம் இருக்கிறது, இறக்க முடிந்ததோ 10 பேரை. காயம் இல்லாத, முழுதாக நிறைந்த அணிக்கு மூன்று ஆட்டம் பெஞ்சிலேயே வீணாகப் போனது. அந்த வாரம் ஒருவர் தோற்றார் என்றால் அணி பலவீனமா, அல்லது திங்கட்கிழமை நெரிசலில் ஆட்டம் வீணானதா என்று பார்க்காமல் வரிசை போடுவது சரியில்லை. கிரிட்டை வைத்து ஒவ்வொரு அணிக்கும் உண்மையில் எத்தனை ஆட்டம் கிடைத்தது என்று எண்ணித்தான் நான் இடம் கொடுத்தேன்.

சென்னைத் தம்பிக்கும் அந்தக் கிரிட் வேறு ஒரு விதத்தில் உதவுகிறது. இங்கே இரவு 7 மணி ஆட்டம் அங்கே அதிகாலை 4.30. நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கடிகாரத்தைப் பின்னால் தள்ளியதும் அது 5.30 ஆகிவிடும். இறக்கும் வீரர்களைக் கடைசி நிமிடத்தில் மாற்ற அவர் எழுந்திருக்க வேண்டும். எந்தெந்த நாள் ஆட்டம் குறைவு என்று கிரிட்டில் முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொண்டு, அந்த நாட்களுக்கு மட்டும் அலாரம் வைக்கிறார். வரிசை போன அன்று அவரிடமிருந்துதான் முதல் செய்தி: "அண்ணே, டேபிள்ல நான் ஃபர்ஸ்ட். ஆறாவதா போட்டிருக்கீங்க?" அவருக்கு நான் ஷீட்டை அப்படியே அனுப்பினேன். அவர் ஜெயித்த மூன்று வாரமும் எதிராளி, அந்த வாரத்தில் லீக்கின் கடைசி நான்கு அணிகளில் ஒன்று. ஒரு மணி நேரம் கழித்து, "சரிண்ணே, யாரை மாத்தலாம் சொல்லுங்க" என்று வந்தது. ஹீல்ட் இன்னும் சூடாக இருக்கும்போதே கொடுத்துவிட்டு, நிமிடம் நிலையாக உள்ள ஒரு பாயிண்ட் கார்டை (பந்தை நடத்திச் செல்பவர்) வாங்கச் சொன்னேன். வாங்கினார்.

வேறு எதையெல்லாம் பார்த்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன். எங்கள் லீக் நடக்கிற செயலியிலேயே தானாக வரிசை போடும் வசதி உண்டு. அது வெற்றி தோல்வியைத்தான் பெரிதாக எடுத்துக்கொள்கிறது, பன்ட் பற்றி அதற்குத் தெரியாது. அண்ணாவின் அணியை அது ஏழாவதாகப் போட்டது. பாஸ்கெட்பால் மான்ஸ்டர் என்ற தளம் பல ஆண்டுகளாக இருக்கிறது, அதன் பல வசதிகளுக்குச் சந்தா கட்ட வேண்டும். பணம் கட்டத் தயாராக இருப்பவர்களுக்கு அது இன்னும் ஆழமாகப் போகும்: கேட்டகிரிக்குத் தனித்தனி எடை கொடுக்கலாம், இனி வரும் ஆட்டங்களுக்கான கணிப்பும் உண்டு. பரிசுத்தொகை வைத்து ஆடுகிற தீவிர லீக்குகளுக்கு அது பொருந்தும். எங்களைப் போல நண்பர்களுக்குள் ஆடும் லீக்குக்கு ஹேஷ்டேக் பாஸ்கெட்பால் தாராளம். இலவசம், பக்கத்தில் விளம்பரம் வரும். கைப்பேசியில் அந்த அகலமான அட்டவணையை இடமும் வலமும் தள்ளிப் பார்ப்பது எனக்கு ஒத்துவரவில்லை, மடிக்கணினியில்தான் உட்காருவேன்.

இதில் ஒரு எச்சரிக்கை. கடைசி ஏழு நாள், கடைசி இரண்டு வாரம் என்று காலத்தைச் சுருக்கிப் பார்க்கும் வசதியும் இருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் அது அருமையான வசதி. யாருடைய பங்கு மாறுகிறது என்று உடனே தெரியும். சீசன் தொடக்கத்தில் அதைத் தொடாதீர்கள். ஏழு நாள் என்பது மூன்று நான்கு ஆட்டம். அதில் மேலே தெரிகிறவர்களில் பாதிப் பேர் அடுத்த வாரம் காணாமல் போவார்கள். அந்தப் பார்வையை வைத்து நல்ல வீரரை விற்றவர்களை ஒவ்வொரு ஆண்டும் பார்க்கிறேன், மனசு கஷ்டமாக இருக்கும்.

அதேபோல என்.பி.ஏ. பட்டியலையும் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். கிளீவ்லாந்து அந்த ஆண்டு 15-0 என்று தொடங்கியது, நவம்பர் 19 அன்று பாஸ்டனில்தான் முதல் தோல்வி. அந்த அணி வீரர்கள் எல்லோரையும் வாங்க வேண்டும் என்று லீக்கில் ஒரு வேகம் வந்தது. ஆனால் டானவன் மிட்செலின் நிமிடம் முந்தைய ஆண்டின் 35-லிருந்து 31-க்கு இறங்கியிருந்தது. அணி பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தால் நட்சத்திரம் நான்காம் கால்பகுதியில் உட்கார்ந்திருப்பார். அவருக்கு ஆட்டத்துக்கு இரண்டு புள்ளிக்கு மேல் குறைந்தது. கிளீவ்லாந்து ரசிகர்களுக்கு அது சந்தோஷம். அவரை இரண்டாம் சுற்றில் எடுத்தவருக்கு நான் ஏழாவது இடம் கொடுத்தேன்.

டென்வரின் யோகிச்சை வைத்திருந்தவரைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ரேங்கிங் பக்கத்தில் முதல் பெயர் அவர். அந்த சீசனை ட்ரிபிள் டபுள் சராசரியோடு, அதாவது புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட் மூன்றிலும் ஆட்டத்துக்குப் பத்துக்கு மேல், முடித்தார். ஆனால் மீதி 12 வீரர்கள் சுமார். ஐந்தாவது இடம்.

நீங்களும் உங்கள் லீக்குக்கு இப்படி வரிசை போடுவதாக இருந்தால், அடுத்த வரிசையை டிசம்பர் நடுவில், சீசனுக்குள்ளேயே நடக்கும் கோப்பைப் போட்டியான என்.பி.ஏ. கப் முடிந்த பிறகு போடுங்கள். கப் நாக் அவுட் நடக்கும் அந்த வாரத்தில் அணிகளுக்கு ஆட்டம் மிகக் குறைவு, இறுதி ஆட்டத்தின் புள்ளிவிவரம் சீசன் கணக்கில் சேராது. 2024-இல் மில்வாக்கி லாஸ் வேகஸில் ஓக்லஹோமாவை வீழ்த்திக் கப்பை எடுத்த ஆட்டத்தில் ஜியானிஸ் என்ன செய்தாலும் அண்ணாவின் அணிக்கு ஒன்றும் வராது. அந்த வாரத்துக்கு மொத்தம் என்ற பார்வையை விட்டுவிட்டு, ஆட்டத்துக்குச் சராசரி என்பதை மட்டும் வைத்துப் பாருங்கள். பக்கத்திலேயே கிரிட்டையும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.